பாய் விரித்துப் பழந்துறைகள் காண்போம்

(பத்தாம் வகுப்பு)

பாண்டியரின் துறைமுகம் கொற்கை என்றும், அங்கே முத்துக் குளித்தனர் என்றும், யவனர் அந்த முத்தை விரும்பி வாங்கினர் என்றும் பாடத்தில் படித்திருக்கிறோம். தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாகவும் எழுதியிருக்கிறோம். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தின் நிலப்படத்தை விரித்துக் கொற்கையைத் தேடிப் பாருங்கள். அது கடற்கரையிலேயே இல்லை! வயலும் வாழையும் சூழ, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. கடல் இல்லாத ஊரில் துறைமுகம் எப்படி இருந்தது? இருந்தது உண்மையானால் கடல் எங்கே போயிற்று?

இவ்வினாவுக்கு விடை தேடி ஒரு பயணம் புறப்படலாம் என்று எண்ணினோம். பாய்மரப் படகில் ஏறி, அவசரமின்றி ஊர் ஊராய் நின்று, பழைய துறைமுகங்களைக் கண்டு செல்வது மேலை நாடுகளில் பலருக்கு விடுமுறை இன்பம். நம் கடற்கரையிலோ அப்படிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பாய்மரக் கலம் எதுவும் இல்லை. அதனால் என்ன? நிலப்படம் இருக்கிறது, வரலாற்று நூல்கள் இருக்கின்றன. ஒரு தோணியை மட்டும் கற்பனையால் கட்டிக்கொண்டோம். தோணிதான் கற்பனை, ஊர்களும் ஆண்டுகளும் உண்மையானவை. தோழியரே, நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்!

தூத்துக்குடி: நங்கூரம் தூக்குவோம்

தோணி என்றாலே தூத்துக்குடிதான். இங்கு மரத்தால் கட்டப்பட்ட தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. தோணியின் தலைவருக்குத் ‘தண்டல்’ என்று பெயர். இன்றைய தோணிகளில் இயந்திரம் பொருத்திவிட்டார்கள். நம் தோணிக்கு அது வேண்டாம், பாயே போதும்.

எந்த மாதத்தில் புறப்படுவது? தெற்கு நோக்கிச் செல்ல வேண்டுமாதலால் வடக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று முதுகில் பட வேண்டும். ஆகவே தை மாதமே ஏற்றது. ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றில் புறப்பட்டால் எதிர்க்காற்றில் திண்டாட வேண்டியதுதான். அக்காலக் கடலோடிகளுக்குக் காற்றே நாட்காட்டியாக இருந்தது.

புறப்படுமுன் ஊரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். பனிமய மாதா ஆலயம் தெரிகிறது. 1713இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வாலயம், 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களால் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. இத்துறையைப் போர்த்துக்கீசியர் ஆண்டனர். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த ஆங்கிலேயரின் கப்பல்களுக்குப் போட்டியாக 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் வ.உ.சிதம்பரனார். இன்று துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முத்துக்குப் பெயர் பெற்றதும் இக்கடலே. சிப்பிகள் படுகை படுகையாக வாழும் இடங்களைப் ‘பார்’ என்று அழைப்பர். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழு ஊர்களும் முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகள். இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சிப்பிகள் அருகிப் போனதால் அது நின்றுவிட்டது. 1973இல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினர்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி ஆற்று முகத்தில் இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பது பின்னால் விளங்கும்.

புன்னைக்காயல்: ஆறு கடலைத் தொடும் இடம்

வாடை நன்றாக வீசினால் மூன்று மணி நேரத்தில் புன்னைக்காயலை அடையலாம். பொதிகை மலையில் பிறந்து, 128 கிலோமீட்டர் ஓடி வந்த நம் தாமிரபரணி இங்கேதான் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ‘காயல்’ என்றால் கடலை அடுத்த உப்பங்கழி. அதன் கரையில் புன்னை மரங்கள் நின்றதால் புன்னைக்காயல் ஆயிற்று. ஊர்ப்பெயரே ஊரின் படத்தை வரைந்து காட்டுகிறதன்றோ!

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் முக்கியத் துறைகளுள் ஒன்றாக இது விளங்கிற்று. இங்கு உழைத்தவர் சேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார். இவருடைய போர்த்துக்கீசியப் பெயர் என்றிக் என்றீக்கஸ். இவர் தமிழை முறையாகக் கற்று, தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் இவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்துக்களில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. பக்கங்கள் பதினாறே! 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அது புன்னைக்காயலில் அச்சானதென்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்நூலின் படி ஒன்றைத் தனிநாயகம் அடிகளார் 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டு உலகிற்கு அறிவித்தார். இந்த ஆண்டு மலர் அச்சாகி நம் கைக்கு வருகிறதென்றால், அவ்வரிசையின் தொடக்கத்தில் நம் ஆற்று முகத்து மீனவர் ஊர் ஒன்றும் நிற்கிறது என்பது நமக்குப் பெருமை.

பழையகாயலும் கொற்கையும்: கடல் விட்டுச் சென்ற ஊர்கள்

இனித் தோணி போகாது. நங்கூரம் பாய்ச்சிவிட்டுத் தரை வழியே மேற்கு நோக்கிச் செல்வோம். முதலில் வருவது பழையகாயல். இன்று உப்பளங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே இருக்கும் அமைதியான ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ ‘காயல்’ என்று புகழ்ந்து எழுதிய பெருநகரம் இதுவே என்பர். ஏடன், ஹார்முஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் இங்கு வந்து தங்கும் என்றும், அவை குதிரைகளை ஏற்றி வரும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பாண்டியரின் படைக்குக் குதிரைகள் இறங்கிய துறையில் இன்று ஒரு கப்பலும் நிற்க முடியாது.

இன்னும் உள்ளே சென்றால் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடற்பயணம்’ என்னும் கடலோடிகளின் கையேடு இதனைக் ‘கொல்கி’ என்று குறித்து, பாண்டிய மன்னனுக்கு உரிய இடம் என்றும், அங்குத் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்றும் கூறுகிறது. மூச்சடக்கிக் கடலில் மூழ்குவது அவ்வளவு ஆபத்தான தொழில்! அரசியரின் கழுத்தில் மின்னிய முத்துக்குப் பின்னால் இத்தகைய துயரமும் இருந்தது என்பதைப் பாடத்தில் நாம் படித்ததில்லை. சங்க நூல்களும் கொற்கை முத்தைப் பாராட்டுகின்றன. 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் இங்கு அகழாய்வு செய்தனர். அங்கே கிடைத்த கரித்துண்டைச் சோதித்தபோது அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 785 என்று தெரிய வந்தது.

இப்பொழுது நம் வினாவுக்கு வருவோம். கடல் எங்கே போயிற்று?

கடல் போகவில்லை, நிலம் வந்தது. கொண்டு வந்தது தாமிரபரணி. மலையிலிருந்து இறங்கும் ஆறு மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. வேகமாக ஓடும்போது சுமையைத் தாங்குகிறது. கடலைத் தொட்டதும் வேகம் குறைகிறது. சுமையைக் கீழே வைத்துவிடுகிறது. இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தட்டில் சிறிது நீர் விட்டு, ஒரு சாய்ந்த பலகையின் வழியாக மணல் கலந்த நீரை மெல்ல ஊற்றுங்கள். பலகை நீரைத் தொடும் இடத்தில் விசிறி போல மணல்மேடு உண்டாவதைக் காண்பீர்கள். அந்த விசிறிதான் கழிமுகம்.

இவ்வாறு ஆண்டுதோறும் மண் சேரச் சேரக் கொற்கையின் துறை தூர்ந்தது. கடலைத் தேடி வணிகர் கிழக்கே நகர்ந்தனர், காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தது, ஆற்று முகத்தில் புன்னைக்காயல் எழுந்தது. அதுவும் பெரிய கலங்களுக்குப் போதாமற்போகவே, வணிகம் தூத்துக்குடிக்குச் சென்றது. ஆற்று முகத்திலிருந்து விலகியிருந்ததால் தூத்துக்குடியை வண்டல் மூடவில்லை. ஆயினும் அதன் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நிற்க, தோணிகள்தாம் சரக்கை ஏற்றி இறக்கின. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் அந்தக் குறையைத் தீர்த்தது.

கொற்கையும் காயலும் கடலை இழந்த இவ்வரலாற்றை 1870களில் ஆராய்ந்து எழுதியவர், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். அவர் இவ்வூர்களில் தோண்டியும் பார்த்தார்.

நாங்கள் ஒரு சிறு கணக்குப் போட்டோம். இரண்டாயிரம் ஆண்டுகளில் கடற்கரை ஆறு கிலோமீட்டர் நகர்ந்தது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சராசரி 3 மீட்டர். எங்கள் வயது 15. அப்படியானால் எங்கள் வயதுக்கு 45 மீட்டர்! ஆறு இப்படி அளவுகோல் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை என்பது உண்மைதான். ஒரு பெருவெள்ளத்தில் நிறையக் கொட்டும். பல ஆண்டுகள் சும்மா இருக்கும். ஆனாலும் அசையாதது என்று நாம் நினைக்கும் கடற்கரை நடந்துகொண்டே இருக்கிறது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. புனித பவுல் தங்கிப் போதித்த எபேசு நகரம் அந்நாளில் புகழ் பெற்ற துறைமுகம். கேஸ்டர் ஆற்று வண்டலால் அதன் துறை தூர்ந்தது. இன்று துருக்கி நாட்டில் அதன் இடிபாடுகள் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. கொற்கையும் எபேசுவும் ஒரே கதை சொல்லும் இரு சகோதரிகள்.

ஆதிச்சநல்லூர்: வண்டலின் மறுபக்கம்

அப்படியானால் வண்டல் கெட்டதா? இன்னும் சற்று மேற்கே, ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அதற்கு விடை இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே முதுமக்கள் தாழிகளைக் கண்டார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் என ஏராளமாகக் கிடைத்தன. 2004-05இல் மீண்டும் அகழாய்வு நடந்தது. குழிகளையும் தாழிகளையும் கிடந்தவாறே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காணும் காட்சியகம் 2023இல் அங்குத் திறக்கப்பட்டது. வடகரையில் சிவகளை என்னும் ஊரில் கிடைத்த தாழி ஒன்றில் நெல் உமி இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு அன்புடன் நெல் வைத்து அனுப்பிய மக்களுக்கு அந்த நெல்லைத் தந்தது எது? இந்த ஆற்றின் நீரும் அது பரப்பிய வண்டலும் அல்லவா? துறைமுகத்தை மூடிய அதே மண்தான் வயலைத் திறந்தது. வணிகர் கண்ணீர் விட்ட இடத்தில் உழவர் நாற்று நட்டனர்.

காயல்பட்டினம் முதல் மணப்பாடு வரை

தோணிக்குத் திரும்புவோம். புன்னைக்காயலுக்குத் தெற்கே முதலில் வருவது காயல்பட்டினம். அரபு நாடுகளோடு பல நூற்றாண்டுகளாக வணிக உறவு கொண்ட இசுலாமியப் பேரூர். பழமையான பள்ளிவாசல்கள் பல உண்டு. வீடுகளுக்கு இடையே ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகள் உள்ளன. பெண்கள் உறவினர் வீடுகளுக்கு அவற்றின் வழியே சென்று வருவர். அடுத்து, புனித தோமையார் ஆலயக் கோபுரம் தெரியும் வீரபாண்டியன்பட்டினம். அதை அடுத்துத் திருச்செந்தூர். முருகன் கோவில் அலைகளுக்கு மிக அருகில் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சில காலம் இக்கோவிலைக் கைப்பற்றிக் கோட்டையாக்கி வைத்திருந்தனர். பின்னர் ஆலந்தலை. பள்ளிவாசலும் ஆலயமும் கோவிலும் ஒரே பாயின் நிழலில் அடுத்தடுத்து வருகின்றன. கடல் யாருக்கும் வேலி போடவில்லை.

இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினம். பாண்டியர் பெயரைச் சுமந்த இப்பழந்துறையில் 2024 பிப்ரவரி 28 அன்று விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கி ராக்கெட்டை அனுப்பலாம் என்பதே இவ்விடத்தைத் தேர்ந்ததன் காரணம். அன்று பாய்க்கு வழி விட்ட கடல் இனி ராக்கெட்டுக்கும் வழி விடும்.

கடைசித் துறை மணப்பாடு. கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், 1581இல் கட்டப்பட்டது. 1542இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை குன்றின் கடல்முகத்தில் உள்ளது. அவர் செபங்களைத் தமிழில் பெயர்த்து எழுதச் செய்து, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர் சிறுமியரைக் கூட்டிக் கற்பித்தார். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 14 அன்று இங்கே திருவிழா. குன்றின் மேல் நின்று பார்த்தால், கருமேனியாற்றின் முகத்தில் மணல் நாக்குப் போல நீண்டு உப்பங்கழியை அணைத்திருப்பது தெரியும். கொற்கையில் படித்த பாடத்தை இங்கே கண்ணால் காணலாம்.

இன்றைய தாமிரபரணி

பயணம் முடிந்தது, ஆனால் ஆற்றின் கதை முடியவில்லை. அந்நாளில் மண் மிகுதியாக வந்ததால் துறைகள் மூடின. இந்நாளில் கவலை வேறு. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணைகள் உள்ளன. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் கடைசியானது திருவைகுண்டம். இவை நமக்குச் சோறும் நீரும் தருபவை. குறை கூற முடியாது. ஆனால் அணையில் நீர் தேங்கினால் மண்ணும் தேங்கும். போதாக்குறைக்கு ஆற்று மணலை மனிதர் அள்ளினர். 2010இல் முதுபெரும் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ள உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. எகிப்தில் 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தபின் நைல் நதியின் வண்டல் கடலைச் சேராமல் நின்றது. கழிமுகத்தின் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. மண் மிகுந்தாலும் துன்பம். மண் குறைந்தாலும் துன்பம்.

ஆறு தன் பழைய வழியை மறப்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம்! திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணியர் நூற்றுக்கணக்கானோர் வெள்ளம் சூழச் சிக்கிக்கொண்டனர். பழையகாயல், கொற்கை, ஏரல் என்று நம் தோணிப் பயணத்தில் பார்த்த சமவெளி முழுவதும் ஆறு போட்டுத் தந்த தரை. அது சில சமயம் தன் தரைக்குத் திரும்பி வரும். நீர் போகும் வழியை அடைத்து வீடு கட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

தோழியரே, பெற்றோரே! கொற்கையை எந்தப் பகையரசனும் அழிக்கவில்லை. நாள்தோறும் ஒரு பிடி மணல் வந்து விழுந்தது, அவ்வளவே. நல்லதும் கெட்டதும் அப்படித்தான் சேர்கின்றன. குறுக்குத்துறைப் படித்துறையில் நாம் வீசும் ஒரு நெகிழிப் பையும், வண்ணாரப்பேட்டைப் பாலத்திலிருந்து எறியும் ஒரு பழைய துணிமூட்டையும் ஒரு பிடி மணலைப் போல அற்பமாகவே தோன்றும். ஆனால் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு, அற்பமானவை ஆண்டுக்கணக்கில் என்ன ஆகும் என்பது தெரியும். நாம் எறிவது எதுவும் காணாமற்போவதில்லை. அது சீவலப்பேரியைத் தாண்டி, திருவைகுண்டத்தைத் தாண்டி, முதல் தமிழ் அச்சு நூல்களைத் தந்தவர் வாழ்ந்த புன்னைக்காயல் வரை சென்று சேரும்.

அடுத்த விடுமுறையில் செந்தூருக்கோ மணப்பாட்டுத் திருவிழாவுக்கோ செல்பவர்கள் ஏரல் வழியாகச் சென்று, கொற்கையில் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். குளக்கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். கடல் தெரியாது, பச்சை வயல்தான் தெரியும். அந்த வயலின் இடத்தில் ஒரு காலத்தில் பாய்மரங்கள் நின்றன என்று உங்கள் தம்பி தங்கையருக்குச் சொல்லுங்கள்.